பைபிள்: கோரையில் முளைத்த சொல்

பைபிள் என்ற சொல்லைத் தோண்டினால் அடியில் ஒரு கோரை கிடக்கும். எகிப்தின் நைல் கரைச் சேற்றில் வளரும் பாப்பிரசு, நம் பாய்க்கோரைக்கு உறவு. தண்டின் பச்சைத் தோலை உரித்து, உள்சோற்றை மெல்லிய நாடாவாகச் சீவி, நெடுக்கில் ஒரு வரிசையும் அதன்மேல் குறுக்கில் ஒரு வரிசையும் அடுக்கி, அழுத்திக் காயவைத்தால் எழுதும் தாள் தயார். இந்தக் கோரைக்குக் கிரேக்கர் வைத்த பெயர் ‘பிப்லோஸ்’. அதில் எழுதிய சுருள் ‘பிப்லியோன்’; பன்மையில் ‘பிப்லியா’, அதாவது நூல்கள். பனை ஓலையில் கொட்டான் என்னும் சிறுகூடையும் முடைந்து, கணக்கும் எழுதிய செட்டிநாட்டாருக்கு இது புதிதல்ல. ஓலையைக் குறித்த ‘ஏடு’தானே வட்டிக்கடைப் பேரேடு வரை வந்தது!

இலத்தீனுக்குப் போனபோது அந்தப் பன்மை ஒருமையாகிவிட்டது. நாமும் ஒரே புத்தகம் என்றே நினைக்கிறோம். உள்ளே இருப்பதோ ஒரு சிறு நூலகம்: சீர்திருத்தச் சபையாரிடம் (புராட்டஸ்டண்டு) 66 நூல்கள், கத்தோலிக்கரிடம் 73. பின்பகுதியான புதிய ஏற்பாட்டில் இருவருக்கும் 27தான். வேறுபாடு முழுவதும் முன்பகுதியான பழைய ஏற்பாட்டில்.

தமிழில் ‘வேதாகமம்’ நெடுநாள் வழக்கு. வேதம், ஆகமம் இரண்டும் வடசொல். நகரத்தார் கோயில்களைச் சுற்றி வளர்ந்தவருக்கு ஆகமம் என்றதும் பூசைமுறை நினைவுக்கு வரும். இங்கே அந்தப் பொருள் இல்லை. கத்தோலிக்கரும் சீர்திருத்தச் சபையாரும் சேர்ந்து செய்து 1995இல் வந்த பொதுமொழிபெயர்ப்பின் பெயர் ‘திருவிவிலியம்’. விவிலியம் தனித்தமிழ் என்று சிலர் நம்புகிறார்கள். பிப்லியாவையே தமிழ் ஒலிக்கு வளைத்ததுதான் அது: ‘ப்லி’ பிரிந்து ‘விலி’ ஆயிற்று, கடைசியில் ‘அம்’ ஒட்டிக்கொண்டது. பொருளைத் தமிழில் சொல்ல ‘மறைநூல்’ அல்லது ‘திருமறை’ சரி. கடவுள் தம்மை வெளிப்படுத்தினார் என்று சொல்லும் நூலுக்கு ‘மறை’ என்று பெயர் அமைந்தது வேடிக்கைதான்.

அதிகம் இடறும் சொல் ‘ஏற்பாடு’. கல்யாண ஏற்பாடு, பந்தி ஏற்பாடு என்றே புழங்கும் காதுக்கு ‘பழைய ஏற்பாடு’ விளங்காது. அதன் மூலச்சொல் எபிரேயத்தில் ‘பெரீத்’, கடவுளுக்கும் மக்களுக்கும் இடையிலான உடன்படிக்கை. கிரேக்கத்தில் இதற்கு வைத்த ‘தியாதேக்கே’க்கு உயில் என்ற பொருளும் உண்டு, இலத்தீன் ‘டெஸ்டமென்டும்’ அந்த உயிலைப் பிடித்துக்கொண்டது. நகரத்தார் திருமணத்தில் இரு வீட்டாரும் எழுதிக்கொள்ளும் ஒப்பந்தமான இசைகுடிமானத்தை நினைத்தால் பெரீத் எளிதில் பிடிபடும்: வாக்கு, எழுத்து, இரு தரப்பு. பழைய ஏற்பாட்டில் எரேமியா நூல் 31:31 ‘புதிய உடன்படிக்கை’ என்று பேசுவது இதைத்தான்.

கடவுளைக் குறிக்கும் சொல்லும் ஒன்றாக நிலைக்கவில்லை. சர்வேசுரன், பராபரன், தேவன், கடவுள் என்று மொழிபெயர்ப்புக்கு மொழிபெயர்ப்பு மாறிற்று. நூல்களின் பெயரும் அப்படியே. ஆதியாகமமும் தொடக்கநூலும் ஒன்று. யாத்திராகமம்தான் விடுதலைப் பயணம்.

வசனம் தேடும்போது முதல் எண் அதிகாரம், முக்காற்புள்ளிக்குப் பின் வருவது வசனம். சங்கீதம் என்னும் பாடல் நூலில் ஏமாறலாம். கிரேக்க, இலத்தீன் வழியில் 9, 10 இரண்டும் ஒரே பாடல். ஆகவே அந்த வழிவந்த பழைய கத்தோலிக்கப் பதிப்புகளில் அதன்பின் பெரும்பாலான பாடல்களுக்கு எண் ஒன்று குறையும். ‘ஆண்டவரே என் ஆயர்’ 23இல் இல்லையென்றால் 22ஐப் புரட்டுங்கள்.