பழைய கார் ஆயில் குடிக்கிறதா? இன்ஜினைப் பிரிப்பதற்கு முன் பார்க்க வேண்டியவை

ஆயில் குடிக்கும் இன்ஜினுக்கு, குறைந்துபோன அளவை அவ்வப்போது ஊற்றி வந்தால், அது இன்னும் பல ஆண்டுகள் ஓடும். ஊற்றாமல் விட்டால் ஒரே நெடும்பயணத்தில் பேரிங் தேய்ந்து, கிராங்க் ஷாஃப்ட் பிடித்துக்கொண்டு, மொத்த இன்ஜினும் பழைய இரும்பு விலைக்குப் போய்விடும். பட்டறைக்கு இழுவை வண்டியில் வந்து சேரும் பழைய கார்களில் பல இப்படி வந்தவைதான்.

கணக்கு எளிது. சிறிய பெட்ரோல் கார்களில் இன்ஜின் ஆயில் மொத்தமே சுமார் மூன்று லிட்டர்தான். 1,000 கிலோமீட்டருக்கு 300 மில்லி குடிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கேட்பதற்குச் சிறிய அளவுதான்; ஆனால் 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறைதான் ஆயில் மாற்றுவது என்ற பழக்கத்தில் இருப்பவருக்கு, அந்தத் தவணை வருவதற்குள் மூன்று லிட்டரும் தீர்ந்துவிடும்.

“லைட்டே எரியலையே தம்பி, அப்ப ஆயில் இருக்குன்னுதானே அர்த்தம்?” என்று ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் என்னிடம் கேட்டார். ஆயில் அளவைப் பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கை அவருடைய காரிலிருந்து உருவிப் பார்த்தபோது நுனியில்கூட ஆயில் படவில்லை. டேஷ்போர்டில் இருக்கும் சிவப்பு விளக்கு ஆயிலின் அழுத்தத்தைக் காட்டுவதே அன்றி அளவைக் காட்டுவதில்லை. பம்ப் ஆயிலுக்குப் பதிலாகக் காற்றை உறிஞ்சத் தொடங்கும் நிலையில்தான் அது எரியும். வளைவில் திரும்பும்போதோ பிரேக் அடிக்கும்போதோ ஒரு கணம் மினுக்கினாலும் அலட்சியம் செய்யாமல் உடனே ஓரங்கட்டி இன்ஜினை நிறுத்திவிட வேண்டும்.

ஆகவே முதல் வேலை அளப்பது. காலையில் வண்டியை எடுப்பதற்கு முன், சமதளத்தில் வைத்து, டிப்ஸ்டிக்கை உருவித் துடைத்து, மீண்டும் முழுவதும் செருகி எடுத்துப் பாருங்கள். மேல் கோடு வரை நிரப்பி, ஓடோமீட்டர் எண்ணை ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு, 1,000 கிலோமீட்டர் ஓடிய பிறகு மறுபடி மேல் கோட்டைத் தொட எவ்வளவு ஊற்ற வேண்டியிருந்தது என்று குறியுங்கள். மேல் கோட்டைத் தாண்டி ஊற்றுவதும் தவறு. அதிகமான ஆயிலைக் கிராங்க் ஷாஃப்ட் அடித்து நுரையாக்கும். அது இன்ஜினுக்குள் சேரும் ஆவியை வெளிவிடும் பிரீதர் குழாய் வழியாக, காற்று உள்ளே போகும் பாதையான இன்டேக்குக்குள் போய், நல்ல இன்ஜினிலும் புகையாக வெளியேறும்.

அளவு குறைவது உறுதியானால், அது எந்த வழியாகப் போகிறது என்று பார்க்க வேண்டும். வண்டி நின்ற இடத்தில் தரையில் கறை இருக்கிறதா, வால்வு கவர் கேஸ்கட்டில் கசிவு இருக்கிறதா என்பதை முதலில் பார்த்துவிடலாம். கசிவு இல்லையென்றால் சைலன்சரைக் கவனியுங்கள். ஆயில் எரிந்தால் நீலப்புகை வரும். கரும்புகை பெட்ரோல் அதிகமாகப் போவதைக் காட்டும். இன்ஜின் சூடான பிறகும் தொடர்ந்து வரும் வெண்புகை பெரும்பாலும் கூலன்ட் எரிவதன் அடையாளம்.

நீலப்புகை எப்போது வருகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு இரண்டாவது கியரில், ஆக்ஸிலரேட்டரைத் தொடாமல் இறங்கும் காரைப் பின்தொடர்ந்து பாருங்கள். இறக்கம் முழுவதும் புகை தெரியாது. சமவெளி வந்ததும் ஓட்டுநர் ஆக்ஸிலரேட்டரை அழுத்துவார். உடனே ஒரு நீல மேகம் கிளம்பி, சிறிது நேரத்தில் அடங்கும். இறக்கத்தில், காற்றை உள்ளே விடும் கதவான திராட்டில் மூடியிருப்பதால் இன்டேக்கில் உண்டாகும் வெற்றிடம், இறுகிப்போன வால்வு சீல்களின் (வால்வுத் தண்டைச் சுற்றியுள்ள ரப்பர் வளையங்களின்) வழியாக ஆயிலை உள்ளே இழுத்திருக்கிறது என்று அதற்குப் பொருள். இரவெல்லாம் நின்ற வண்டி காலையில் ஸ்டார்ட் ஆனதும் கொஞ்சம் புகைத்துவிட்டு நின்றுவிடுவதும் பெரும்பாலும் இதே சீல்களால்தான். மாறாக, மேட்டில் ஏறும்போதும் பாரம் இழுக்கும்போதும் விடாமல் புகைத்தால், பிஸ்டனைச் சுற்றியுள்ள உலோக வளையமான பிஸ்டன் ரிங்கையோ, சிலிண்டரின் உட்சுவரான போரையோ சந்தேகிக்க வேண்டும்.

இந்த வேறுபாட்டைப் பார்க்காமலேயே “ஃபுல் இன்ஜின் வேலை” என்று சொல்லிவிடும் வழக்கம் என்னை மிகவும் வருந்தச் செய்கிறது. பல இன்ஜின்களில், சிலிண்டர்களின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்றாமலேயே, ஸ்பார்க் பிளக் துளை வழியாகக் காற்றழுத்தம் கொடுத்து வால்வு விழாமல் நிறுத்திக்கொண்டு, சீல்களை மட்டும் மாற்றிவிட முடியும். அதற்கும் முன்பே பி.சி.வி. வால்வைப் பார்த்துவிட வேண்டும். இன்ஜினுக்குள் சேரும் ஆவியை இன்டேக்குக்குத் திருப்பும் அந்தச் சிறிய பாகம் அடைத்துக்கொண்டாலோ திறந்தபடியே சிக்கிக்கொண்டாலோ, ரிங் போன இன்ஜினைப் போலவே ஆயில் குறையும்.

ரிங் என்று முடிவு செய்வதற்கு முன், சிலிண்டருக்குள் உண்டாகும் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரெஷன் சோதனை செய்யச் சொல்லிக் கேளுங்கள். ஒவ்வொரு சிலிண்டரையும் அளந்த பிறகு, குறைவாகக் காட்டும் சிலிண்டருக்குள் ஒரு தேக்கரண்டி ஆயில் விட்டு மறுபடி அளப்பார்கள். அழுத்தம் நன்றாக ஏறினால் ரிங் அல்லது போர் தேய்ந்திருக்கிறது. ஏறாவிட்டால் கோளாறு வால்விலோ ஹெட் கேஸ்கட்டிலோ இருக்கிறது. கம்ப்ரெஷன் சரியாக இருந்தும் ஆயில் குறைகிறதென்றால், பிஸ்டனில் கீழே இருக்கும் ஆயில் ரிங்கின் துளைகள் கார்பனால் அடைபட்டிருக்கலாம். ஆயில் மாற்றும் தவணையைத் தள்ளிப்போட்ட கார்களில் இதை அதிகம் காண்கிறேன்.

போர் தேய்ந்திருந்தால் வெறும் ரிங் செட் மாற்றுவது பணத்தை வீணாக்குவதாகும். தேய்ந்த போர் வட்டம் கெட்டுப்போயிருக்கும். புதிய ரிங் அதில் ஒட்டி உட்காராது. போரை கேஜ் வைத்து அளந்து, தேவையானால் லேத் பட்டறையில் ரீபோர் செய்து (போரைச் சற்றுப் பெரிதாகக் கடைந்து), அதற்கேற்ற ஓவர்சைஸ் பிஸ்டன் போட வேண்டும். அந்தச் செலவு காரின் சந்தை மதிப்பை நெருங்குகிறது என்றால், ஆயில் ஊற்றி ஓட்டுவதே நியாயம் என்று நான் வெளிப்படையாகவே சொல்லிவிடுவேன். ஆனால் ஆயிலில் உள்ள பாஸ்பரஸ், புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைச் சிறிது சிறிதாகச் செயலிழக்கச் செய்யும் என்பதையும், பதினைந்து ஆண்டு முடிந்து ஆர்.சி. புதுப்பிக்கப் போகும்போது புகை ஒரு தடையாக நிற்கும் என்பதையும் சேர்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

தயாரிப்பாளரின் கையேடு அனுமதிக்கும் வரம்புக்குள் ஒரு படி கெட்டியான ஆயிலுக்கு மாறினால் குடிப்பது ஓரளவு குறையும். அந்த வரம்பைத் தாண்டினால், காலை ஸ்டார்ட்டில் ஆயில் மேலே ஏறத் தாமதமாகி, வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்ட் தேயும். பாட்டிலில் விற்கும் புகை நிறுத்தும் திரவங்கள் இறுகிய ரப்பர் சீலைச் சிலகாலம் இளக்கக்கூடும். தேய்ந்த உலோகத்தை அவற்றால் திரும்ப வளர்க்க முடியாது.

டர்போ (இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் கருவி) உள்ள டீசல் கார் வைத்திருப்பவர்கள் இன்னொரு ஆபத்தையும் அறிந்திருக்க வேண்டும். டர்போவின் சீல் உடைந்து ஆயில் இன்டேக்குக்குள் கொட்டினால், டீசல் இன்ஜின் அந்த ஆயிலையே எரிபொருளாக்கி, சாவியைத் திருப்பி அணைத்த பிறகும் கட்டுக்கடங்காத வேகத்தில் சுற்றும். மேனுவல் கியர் வண்டியானால் பிரேக்கை முழு பலத்துடன் மிதித்து, உச்ச கியரைப் போட்டு, கிளட்சை விட்டு இன்ஜினை அமர்த்த முயலுங்கள். அது முடியாவிட்டால் அனைவரும் இறங்கி விலகி நில்லுங்கள். பானெட்டைத் திறந்து காற்றுக்குழாயின் வாயில் கை வைக்காதீர்கள். நின்ற பிறகு, டர்போவைக் கழற்றிப் பார்க்காமல் அந்த இன்ஜினை மறுபடி ஸ்டார்ட் செய்யக் கூடாது.