ஈரத்துணியைப் போட்டுவிட்டு வாஷிங் மெஷினைக் குறை சொல்லாதீர்கள்

"டைம் கூடிக்கொண்டே போகுது சார், போர்டு போயிடுச்சு போல." இப்படி வரும் புகார்களில் பெரும்பாலானவற்றுக்கும், மெஷினை இயக்கும் மின்னணுப் பலகையான போர்டுக்கும் சம்பந்தமே இல்லை. ஆனாலும் ஆயிரக்கணக்கில் செலவழித்துப் போர்டை மாற்றிவிட்டு, மறுவாரமே அதே புகாரோடு நிற்கும் வீடுகள் குறைந்தபாடில்லை. சரிபார்க்காமல் மாற்றிவிட்டுப் போகிறவர்கள் மீதும் தப்பு இருக்கிறது. காசு போவது உங்களுடையது என்பதால் இதை உங்களிடம் சொல்கிறேன்.

நம் வீடுகளில் இருக்கும் பெரும்பாலான மெஷின்களுக்குள் தராசு எதுவும் கிடையாது. டாப் லோடில் ஸ்டார்ட் அழுத்தியதும், தண்ணீர் விழும் முன்பே தொட்டியின் அடியில் துணியைச் சுழற்றும் தட்டான பல்சேட்டர் இடமும் வலமும் விட்டுவிட்டுச் சுற்றும். மோட்டாருக்கு மின்சாரத்தை நிறுத்தியபின் அது எவ்வளவு தூரம் தானாக ஓடி நிற்கிறது என்பதைப் போர்டு கவனிக்கிறது. பாரம் அதிகமென்றால் சட்டென்று நின்றுவிடும். நீர்மட்டமும் நிமிடமும் அதை வைத்துத்தான் முடிவாகின்றன. ஃப்ரண்ட் லோடு, டிரம்மைச் சுற்ற மோட்டார் படும் சிரமத்தோடு, விட்ட தண்ணீரில் துணி எவ்வளவு குடித்தது என்பதையும் பார்க்கிறது.

இந்தக் கணக்கு முழுக்கக் காய்ந்த துணிக்கானது. இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது. பக்கெட்டில் ஊறவைத்து, காலரைத் தேய்த்து, அப்படியே அள்ளி மெஷினில் போடுகிறீர்கள். கையால் பிழிந்த பருத்தித் துணிகூடத் தன் எடை அளவுக்குத் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். 3 கிலோ துணி மெஷினுக்கு 6 கிலோவாகத் தெரியும். டாப் லோடு உடனே மேல்மட்டம் வரை தண்ணீர் எடுக்கும், நிமிடத்தைக் கூட்டும். கொஞ்சத் துணி நிறையத் தண்ணீரில் மிதப்பதால் ஒன்றோடொன்று உரசாது, அழுக்கும் போகாது. "சென்சார் இருக்கே, அதுவா கண்டுபிடிச்சுக்காதா?" என்று கேட்கிறார்கள். கண்டுபிடிக்காது. அதற்குத் தெரிவது பாரம் மட்டும்தான். துணி எது, தண்ணீர் எது என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது. தொட்டியில் முதலில் பக்கெட் பக்கெட்டாகத் தண்ணீர் ஊற்றிவிட்டு ஸ்டார்ட் செய்வதும் இதே தப்புதான். ஊறவைத்தே ஆக வேண்டுமென்றால் மெஷினில் உள்ள ஊறவைக்கும் புரோகிராமைப் பயன்படுத்துங்கள். இல்லை, ஈரத்துணியைப் போட்டுத்தான் ஆக வேண்டுமென்றால் டாப் லோடில் நீர்மட்டத்தை நீங்களே பொத்தானில் குறைத்து வையுங்கள். அளந்து முடித்தபின் மூடியைத் திறந்து இன்னும் நாலு துணியைத் திணிப்பவர்கள், அதே பொத்தானில் மட்டத்தை ஒரு படி கூட்டவும் வேண்டும்.

7 கிலோ மெஷின் என்றால் 7 கிலோ காய்ந்த பருத்தித் துணி, அதுவும் காட்டன் புரோகிராமில். சிந்தெடிக் புரோகிராமுக்குக் கிட்டத்தட்டப் பாதிதான். 15 நிமிடப் புரோகிராமுக்கு ஒன்றிரண்டு கிலோ, லேசான அழுக்கு. ஃப்ரண்ட் லோடில் துணிக்கு மேலே உள்ளங்கை நுழையும் இடைவெளி இருக்கட்டும். பாதித் துணி போட்டால் பாதி நேரத்தில் முடியும் என்றும் எதிர்பார்க்காதீர்கள். தண்ணீர் வெளியேற்றுவது, அலசுவது, கடைசி ஸ்பின் எல்லாவற்றுக்கும் ஒரு குறைந்தபட்ச நேரம் உண்டு.

திரையில் தெரியும் நிமிடம் ஒரு மதிப்பீடு. அது 9 நிமிடத்திலேயே நெடுநேரம் நின்றால், பெரும்பாலும் மெஷின் ஸ்பின்னுக்கு முன் துணியைச் சமமாகப் பரப்பப் பார்த்துத் தோற்றுக்கொண்டிருக்கிறது. ஒற்றைப் போர்வை, ஒற்றை ஜீன்ஸ், ரப்பர் அடி வைத்த மிதியடி எல்லாம் ஒரே பக்கம் ஒதுங்கிவிடும். கனமான ஒன்றைத் தனியே போடாதீர்கள், கூட இரண்டு துண்டாவது போடுங்கள். மிதியடியைக் கையால் துவையுங்கள், தயவுசெய்து. சக்கரம் வைத்த ஸ்டாண்டில் மெஷினை நிறுத்தியிருந்தால் துணி சமமாக இருந்தும் ஆடும்.

சோப்புத்தூளை அள்ளிக் கொட்டுவதும் நேரத்தை நீட்டும். நுரை மிஞ்சினால் பல மெஷின்கள் கூடுதலாக ஓர் அலசல் போடும். கைத்துவைப்புத் தூளை ஃப்ரண்ட் லோடில் போடவே கூடாது.

மாடித் தொட்டிக்கு நேர் கீழே உள்ள வீடுகளில் தண்ணீர் நூல்போல வரும். 3 மீட்டர் உயரத்துக்குச் சுமார் 0.3 பார் அழுத்தம்தான் கிடைக்கும். பல மெஷின்களுக்கு அது விளிம்பு நிலை. அதோடு போர் தண்ணீரின் உப்பும் மண்ணும், மெஷினுக்குள் தண்ணீர் நுழையும் இடத்தில் உள்ள இன்லெட் வலையை அடைத்தால் நிரம்பவே கால் மணி நேரம் ஆகும். பிளக்கைப் பிடுங்கி, குழாயை மூடி, ஹோஸைக் கழற்றி, வலையைக் குறடால் மெல்ல இழுத்துப் பழைய பல்துலக்கியால் தேயுங்கள். ஃப்ரண்ட் லோடில் முன்பக்க அடியில் உள்ள டிரெயின் ஃபில்டரையும் திறந்து, சில்லறை, ஊக்கு, நூல் எல்லாவற்றையும் எடுங்கள். சுடுநீர் புரோகிராம் முடிந்த கையோடு திறக்காதீர்கள்.

அழுக்குத் தண்ணீரை வெளியேற்றும் டிரெயின் ஹோஸில் இரண்டு வகைக்கும் விதி வேறு. ஃப்ரண்ட் லோடுக்கு நுனி தரையிலிருந்து 2 அடிக்குக் குறையாமல், 3 அடிக்கு மேல் போகாமல் இருக்க வேண்டும். தரையில் கிடந்தால் எடுத்த தண்ணீர் தானாகவே வழிந்து, மெஷின் விடாமல் நிரப்பிக்கொண்டிருக்கும். பம்ப் இல்லாத டாப் லோடுக்கு ஹோஸ் தரையோடுதான் போக வேண்டும். வாசற்படி மேல் தூக்கிப் போட்டால் தண்ணீர் இறங்காது.

இத்தனையும் சரியாக இருந்தும் குறை தீரவில்லையா? டிரம்மில் துணியும் தேங்கிய தண்ணீரும் இல்லாமல் ஓட்டிப் பாருங்கள். டாப் லோடு அப்போதும் உச்ச நீர்மட்டத்தைத் தேர்ந்தெடுத்தால் கோளாறு மெஷினில்தான். மட்டம் சரியாகத் தேர்ந்தும், தண்ணீர் அந்த மட்டத்தைத் தாண்டியும் நிற்காமல் விழுந்தால், தொட்டி அடியிலிருந்து பிரஷர் சென்சாருக்குப் போகும் மெல்லிய காற்றுக்குழாயை முதலில் பார்க்கச் சொல்லுங்கள். சோப்புக்கசடு அடைத்திருந்தாலோ குழாயில் விரிசல் இருந்தாலோ மட்டம் தப்பாகத் தெரியும். கழற்றிக் கழுவவோ குழாயை மட்டும் மாற்றவோ பெரிய செலவில்லை. அதையும் வயர் இணைப்புகளையும் பார்க்காமல் போர்டு என்று சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். மாற்றித்தான் ஆக வேண்டுமென்றால், கழற்றிய பழைய போர்டைக் கையில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.