மகுடிக்குப் பாம்பு ஏன் ஆடுகிறது?

"ராத்திரியில விசில் அடிக்காதே, பாம்பு வரும்" என்று அதட்டாத பாட்டி நம் பக்கம் குறைவு. புன்னாகவராளி வாசித்தாலும் பாம்பு வரும் என்பார்கள். மகுடி மெட்டு என்றதும் நம் காதில் ஓடுவது அந்த ராகம்தான். "நாதர்முடி மேலிருக்கும் நாகப் பாம்பே" என்ற பாம்பாட்டிச் சித்தர் பாட்டையும் அதில்தான் பாடிக் கேட்டிருக்கிறோம். சித்தர் ஆடச் சொன்னது உடம்புக்குள் சுருண்டு கிடக்கும் குண்டலினியை. சரி, புற்றில் இருக்கும் பாம்புக்குப் பாட்டு கேட்குமா?

பாம்புக்கு வெளிக்காது கிடையாது, செவிப்பறையும் கிடையாது. உட்காது மட்டும் உண்டு. அங்கிருந்து ஒரு மெல்லிய எலும்பு தாடையை இணைக்கும் எலும்பில் வந்து முட்டுகிறது. பாம்பு தாடையைத் தரையில் வைத்துப் படுத்திருக்கும்போது, எலி ஓடும் அதிர்வு தாடை வழியே உட்காதுக்குப் போய்விடும். அப்புறம், காற்றில் வரும் ஒலியும் அதற்கு ஓரளவு எட்டும். 2012-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், ஒரு வகை மலைப்பாம்புக்கு 80 முதல் 160 ஹெர்ட்ஸ் வரையான, அதாவது நொடிக்கு அத்தனை முறை அதிரும் தாழ்ந்த ஒலிதான் நன்றாகக் கேட்டது. ஒலி பட்டு மண்டை ஓடு அதிர, அந்த அதிர்வைத்தான் உட்காது வாங்கிக்கொண்டது. ஆக, அடித்தொண்டையில் பேசும் ஆணின் குரல் கேட்கலாம். மகுடியின் மெட்டு அதற்கு மேலே ஒலிப்பது.

அப்படியானால் ஆட்டம்? கூடையின் மூடியைத் திறந்ததும் வெளிச்சம் பாய்கிறது. மிரண்ட நல்ல பாம்பு உடலின் முன்பகுதியைத் தூக்கி, கழுத்து விலா எலும்புகளை விரித்துப் படமெடுக்கிறது. எதிரே மகுடியின் சுரைக்குடுக்கை இடமும் வலமும் அசைகிறது. அதை எதிரியாக நினைத்து, கண்ணை எடுக்காமல் பாம்பும் கூடவே திரும்புகிறது. நமக்கு அது ஆட்டம். பாம்புக்கு அது பயம். குடுக்கையை அசைக்காமல் ஊதினால் பாம்பும் அசையாது.

பாம்புக்குத் தமிழில் 'கட்செவி' என்றொரு பெயர் உண்டு. கண்ணையே செவியாகக் கொண்டது என்று பொருள். உடற்கூற்றின்படி அது தவறு. ஆனால் மகுடியின் முன்னால் நிற்கும் பாம்புக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் எனக்குத் தெரியவில்லை. மகுடியைக் கண்ணால்தானே அது கேட்கிறது!

இந்த வித்தைக்காகப் பல பாம்புகளின் நச்சுப்பல்லைப் பிடுங்கியிருக்கிறார்கள், வாயையே தைத்திருக்கிறார்கள். இரை தின்ன முடியாமல் அவை மெல்லச் செத்துப்போகும். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு பாம்பாட்டம் குற்றமானது. எனக்கு அதில் வருத்தமே இல்லை.

விசில் விஷயத்துக்கு வருவோம். வாயால் அடிக்கும் விசில் பெரும்பாலும் 1000 ஹெர்ட்ஸுக்கு மேல் போகும். அது பாம்பை எட்டாது. ஆனால் அதே பாட்டிமார், இருட்டில் வரப்பில் போகிறவர்களிடம் "தடியைத் தரையில தட்டிக்கிட்டே போ" என்றும் சொல்வார்கள். அந்தத் தட்டல் பாம்பின் தாடைக்குப் போய்ச் சேரும்.