ஊருக்குப் பாக்கு வைத்துக் கூட்டிய பிள்ளை

காரைக்குடியிலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் குழந்தைகளுக்கான மனநல ஆலோசகராகப் பல ஆண்டுகளாகப் பணியாற்றி வருகிறேன். ஜூன் மாதத்தில் பள்ளி திறந்து இரண்டு மூன்று வாரங்கள் ஆனதும் ஒரே வகையான பிள்ளைகள் என்னிடம் அனுப்பப்படுவார்கள். 'என் குடும்பம்' என்ற பாடம் நடக்கும்போது திடீரென்று பேச்சை நிறுத்திக்கொண்டவர்கள் அவர்கள். இக்கட்டுரையில் வரும் குடும்பங்களை யாரும் இனங்காண முடியாதபடி விவரங்களை மாற்றியே எழுதுகிறேன்.

அப்படி வந்த ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி, தன் ஓவிய நோட்டை என்னிடம் நீட்டினாள். பாட்டியான தன் ஆயாவையும் தன்னையும் பக்கம் நிறையப் பெரிதாக வரைந்து, ஆயாவின் கையில் ஒரு கைப்பேசியையும், அதற்குள் கட்டைவிரல் நகம் அளவுக்குத் தன் அம்மாவின் முகத்தையும் வரைந்திருந்தாள். அம்மா சிங்கப்பூரில் வேலை பார்க்கிறார். அப்பா பிரிந்து போய்விட்டார். படத்தின் கீழே சிவப்பு மையில், 'அப்பா, அம்மாவைச் சரியாக வரையவும்' என்று எழுதப்பட்டிருந்தது. அந்தப் படத்தில் பிழை ஒன்றும் இல்லை. இரவு எட்டு மணிக்கு அந்த வீட்டில் நடப்பதை அவள் உள்ளது உள்ளபடி வரைந்திருந்தாள். அன்றுவரை அம்மாவை எண்ணி ஏங்கினாளே தவிர, தன் வீட்டை எண்ணி அவள் வெட்கப்பட்டதில்லை. அந்தச் சிவப்பு வரிதான் வெட்கத்தைக் கற்றுக்கொடுத்தது.

செட்டிநாட்டில் இது நடக்கிறது என்பதுதான் எனக்குக் கூடுதல் வருத்தம். பர்மாவுக்கும் மலாயாவுக்கும் இலங்கைக்கும் கொண்டுவிக்க, அதாவது வணிகம் செய்யப் போன ஆண்கள் மூன்று ஆண்டுக் கணக்கு முடித்துத் திரும்பும் வரை, வரவு செலவையும் பிள்ளை வளர்ப்பையும் நல்லது கெட்டதையும் பெண்களே பார்த்துக்கொண்ட ஊர்கள் இவை. தகப்பனைக் கடிதத்தில் மட்டுமே அறிந்த பிள்ளைகள் இங்கே தெருவுக்குத் தெரு இருந்தார்கள். மணமான மகனை 'வேறு வைத்து', ஒரே வீட்டு வளவுக்குள் தனித்தனி அடுப்பு மூட்டிக்கொண்டு, கூட்டுக் குடும்பமாகவும் தனிக் குடும்பமாகவும் ஒருசேர வாழ்ந்த வழக்கமும் இங்கேயே இருந்தது. குடும்பம் என்றால் ஒரே அச்சில் வார்த்ததுதான் என்று இந்த மண் ஒருநாளும் சொன்னதில்லை.

தத்து எடுத்த ஒரு தம்பதி சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் வந்தார்கள். குழந்தைக்கு நான்கு வயது. அக்கம்பக்கத்தார் யாராவது சொல்லிவிடுவார்களோ என்று அஞ்சி வேறு ஊருக்குக் குடிபோக எண்ணியிருந்தார்கள். குழந்தை வந்த நாளில் அணிந்திருந்த சட்டையைக்கூடப் பீரோவின் அடித்தட்டில் பழைய புடவைக்குள் சுற்றி ஒளித்து வைத்திருந்தார்கள். உடன் வந்திருந்த எண்பது வயது அப்பத்தா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பி, "எங்க வீட்டுல பிள்ளை கூட்டயில ஊருக்கே பாக்கு வச்சோம், ஆத்தா. இதுல ஒளிக்க என்ன இருக்கு?" என்றார்.

நான் பல அமர்வுகளில் விளக்க நினைத்ததை அவர் ஒரே வரியில் முடித்துவிட்டார். செட்டிநாட்டு வணிகச் சமூகமான நகரத்தார் வீடுகளில் 'பிள்ளை கூட்டுதல்' எனப்படும் சுவீகாரம், அதாவது தத்து எடுப்பது, பாக்கு வைத்து அழைத்த பங்காளிகளும் ஊராரும் கூடியிருக்க, மஞ்சள் நீர் சடங்கோடு நடந்த விழா. 'மஞ்சநீர்ப் புத்திரன்' என்ற பெயரே அதிலிருந்து வந்ததுதான். சிறுகூடல்பட்டியில் பிறந்த கண்ணதாசன் காரைக்குடி வீடொன்றுக்குச் சுவீகாரம் போனதை ஊரறியும். அவரே அதை எழுதியும் இருக்கிறார். எல்லோரும் அறிந்த ஒன்றைச் சொல்லிக் காட்டி ஒரு பிள்ளையின் மனத்தை யாரும் புண்படுத்திவிட முடியாது. ஆகவே பெற்றோரிடம் நான் சொல்வது இதுதான்: பள்ளிக்கு அனுப்பும் முன்பே, கதை சொல்வதைப் போல இயல்பாகச் சொல்லத் தொடங்குங்கள், இந்த உண்மையை முதன்முதலில் எப்போது கேட்டோம் என்பதே குழந்தைக்கு நினைவில்லாத அளவுக்கு அது பழகிப்போன செய்தியாக இருக்கட்டும். பதினைந்து வயதில் உறவினர் வாயால் கேட்டுவிட்டு வந்த பிள்ளைகளையும் நான் பார்த்திருக்கிறேன். தத்து எடுத்ததற்காக அவர்கள் அழவில்லை. இத்தனை நாள் மறைத்தார்களே என்றுதான் அழுதார்கள்.

பழைய வழக்கம் எல்லாமே நல்லது என்று சொல்ல மாட்டேன். சுவீகாரத்துக்குத் தேடியது பெரும்பாலும் ஆண் பிள்ளையைத்தான், அதுவும் தங்கள் சமூகத்துக்குள்ளேயேதான். கோயில் கணக்கில் தம்பதியை ஒரு புள்ளி என்றும், துணையை இழந்தவரை அரைப் புள்ளி என்றும் எண்ணினார்கள். கணவரை இழந்து தனியாகப் பிள்ளை வளர்க்கும் தாயைச் சுபகாரியத்தில் பின்கட்டில் நிற்க வைக்கும் வீடுகள் இன்றும் உண்டு. முகப்பில் நின்று அதைப் பார்க்கும் பிள்ளை, தன் குடும்பமும் அரைதான் என்று எண்ணிக்கொள்கிறது.

சட்டம் இந்த விஷயத்தில் நம் வீடுகளைவிடச் சற்று முன்னே போயிருக்கிறது. 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி மணமாகாதவரும், துணையை இழந்தவரும், மணமுறிவு பெற்றவரும் தத்து எடுக்கலாம். தனியாக வாழும் ஆண் மட்டும் பெண் குழந்தையைத் தத்து எடுக்க இயலாது. 2022 செப்டம்பர் முதல் தத்து ஆணையை மாவட்ட ஆட்சியரே வழங்குகிறார். கடவுச்சீட்டு விண்ணப்பத்தில் பெற்றோரில் ஒருவர் பெயர் இருந்தாலே போதும் என்று 2016-இல் விதி தளர்த்தப்பட்டது. கணவரின் முதல் மணத்துப் பிள்ளைகளையும் வளர்த்துவந்த ஒரு செவிலியருக்கு அவருடைய பிரசவத்தின்போது மகப்பேறு விடுப்பு மறுக்கப்பட்ட வழக்கில், மறுமணம், தத்து, பிரிவு ஆகியவற்றால் அமையும் குடும்பங்களுக்கும் சட்டத்தின் பாதுகாப்பு உண்டு என்று 2022 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் கூறியது. ஒருபால் இணையரைப் பற்றிய வழக்கொன்றில், திருமணம் ஒன்றே குடும்பம் அமைக்கும் வழியன்று என்று 2025 மே மாதத்தில் சென்னை உயர் நீதிமன்றமும் கூறியது.

பள்ளிகளிடம் நான் கேட்பது மிகச் சிறிய மாற்றங்களைத்தான். விண்ணப்பப் படிவத்தில் 'தந்தை பெயர், தாய் பெயர்' என்பதோடு 'வளர்ப்பவர்' என்றும் ஓர் இடம் வையுங்கள். அன்னையர் நாளுக்கு வாழ்த்து அட்டை செய்யச் சொல்லும்போது, 'உன்னைப் பார்த்துக்கொள்பவருக்கு' என்று சொல்லுங்கள். பெற்றோர் கூட்டத்துக்கு ஆயா வந்தால், "அப்பா வரலையா?" என்று பிள்ளையின் எதிரில் கேட்காதீர்கள். அந்தச் சிறுமியின் ஆசிரியை, நான் போய்ப் பேசிய மறுநாளே சிவப்பு வரியின் மேல் வெள்ளைத் தாள் ஒட்டி, படத்தை வகுப்பறைச் சுவரில் மாட்டினார்.

அப்பத்தாவின் வீட்டில் அந்த ஆண்டே, குழந்தை வீட்டுக்கு வந்த நாளை விழாவாகக் கொண்டாடினார்கள். ஒளித்து வைத்திருந்த சட்டையைத் துவைத்து மடித்து, சாமி அறையில் வெள்ளித் தட்டில் வைத்திருந்தார்கள். அப்பத்தா கவுனி அரிசி இனிப்பு செய்து, கிண்ணங்களில் போட்டு, பேத்தியின் கையிலேயே அக்கம்பக்கத்து வீடுகளுக்குக் கொடுத்தனுப்பினார். நான் போனபோது அவள் எதிர்வீட்டுத் திண்ணையில் நின்று, "இன்னைக்கு நான் எங்க வீட்டுக்கு வந்த நாள்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.