ரகசிய ஆவணம் கசிந்தால் உயிர் போகுமா?

2021 செப்டம்பர் 20. காபூல் தாலிபான் கைக்குப் போய் ஒரு மாதம் கடந்திருந்தது. பிரிட்டன் படைகளிடம் மொழிபெயர்ப்பாளர்களாகவும் வேறு வேலைகளிலும் இருந்த ஆப்கானியர்கள் பலர் ஒளிந்து வாழ்ந்துகொண்டிருந்தார்கள். அவர்களை நாட்டைவிட்டு வெளியே கொண்டுவரும் பொறுப்பு பிரிட்டன் பாதுகாப்பு அமைச்சகத்தின் ஒரு குழுவிடம் இருந்தது. அந்தக் குழு அன்று எல்லோருக்கும் சேர்த்து ஒரு மின்னஞ்சல் அனுப்பியது. ஒருவர் முகவரி இன்னொருவருக்குத் தெரியாமல் மறைத்து அனுப்பியிருக்க வேண்டும். ஆனால் 245 பேரின் முகவரிகளையும் எல்லோர் கண்ணிலும் படுகிற மாதிரி 'பெறுநர்' கட்டத்திலேயே போட்டுவிட்டார்கள். அவர்களில் 55 பேரின் கணக்கில் படமும் இருந்தது. இரண்டு பேர் 'அனைவருக்கும் பதில்' என்பதை அழுத்திப் பதில் எழுதினார்கள். அதில் ஒருவர் தாம் எங்கே இருக்கிறோம் என்பதையும் எழுதியிருந்தார்.

அந்த 245 பேரில் ஒருவருடைய போன் தாலிபான் கையில் கிடைத்திருந்தால் போதும், மற்ற 244 பேரும் மாட்டியிருப்பார்கள்.

இராணுவ ரகசியம் கசிந்தால் உயிருக்கு ஆபத்தா என்று கேட்டால், நான் இந்த மின்னஞ்சலிலிருந்துதான் தொடங்குவேன். இதில் போர்த் திட்டம் கிடையாது, ஆயுத வரைபடம் கிடையாது. 'மிக ரகசியம்' என்ற முத்திரைகூட வேண்டியிருக்கவில்லை. ஆனாலும் இதைப் படித்தால் வயிறு கலங்குகிறது. அமெரிக்க விதிகளில் ரகசியம் மூன்று படிகளாக இருக்கிறது. தேசப் பாதுகாப்புக்குச் சேதம், கடுமையான சேதம், மிக மிகக் கடுமையான சேதம் என்று சேதத்தின் அளவை வைத்துத்தான் அந்தப் படிகளைப் பிரித்திருக்கிறார்கள். இந்தத் தாள் வெளியே போனால் எந்த மனிதர் செத்துப்போவார் என்று முத்திரை சொல்லாது. அதை உள்ளே இருக்கிற எழுத்தில்தான் தேட வேண்டும்.

ரகசிய ஆவணங்களை இணையத்தில் போடுகிற விக்கிலீக்ஸ் என்ற அமைப்பு 2010 ஜூலையில் வெளியிட்ட ஆப்கன் போர்க் குறிப்புகளைப் பார்ப்போம். மொத்தம் சுமார் 91,000 ஆவணங்கள். அவற்றில் சுமார் 15,000-ஐ நிறுத்திவைத்துவிட்டு மீதியை இணையத்தில் போட்டார்கள். பெரும்பாலானவை களத்திலிருந்து படைப்பிரிவுகள் எழுதிய குறு அறிக்கைகள்: தேதி, நேரம், இடம், என்ன நடந்தது, யாருக்குக் காயம். இடத்தைக் குறிக்க அமெரிக்க இராணுவம் ஒரு கட்டமுறையைப் பயன்படுத்துகிறது. அதில் 8 இலக்கம் எழுதினால் 10 மீட்டருக்குள்ளும், 10 இலக்கம் எழுதினால் 1 மீட்டருக்குள்ளும் இடம் பிடிபட்டுவிடும். மூன்று வருடத்துக்கு முன்னால் ரோந்துப் படை போன பாதை இப்படிக் கிடைத்தால் எதிரிக்குப் பெரிய லாபம் இல்லை. படை எப்போதோ இடம் மாறியிருக்கும். ஒரு வீடு அப்படி மாறாது. 'இந்த ஊரில் இன்னாருடைய மகன் இன்னார் வந்து தகவல் சொன்னார்' என்று ஒரு வரி இருந்தால், எத்தனை வருடம் ஆனாலும் அது அந்த மனிதரையே சுட்டிக்கொண்டிருக்கும். பெயரே இல்லாவிட்டாலும் நிலைமை அதுதான். பாலத்துக்குப் பக்கத்தில் கடை வைத்திருப்பவர், செவ்வாய்க்கிழமை முகாமுக்கு வந்தார் என்று எழுதியிருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். வெளியூர்க்காரனுக்கு அதில் ஒன்றும் தெரியாது. அந்த ஊர்க்காரனுக்கு எல்லாம் தெரியும்.

அந்த ஆவணங்களில் தகவல் கொடுத்த ஆப்கானியர்களின் பெயர்கள் இருக்கத்தான் செய்தன. வெளியாகி நான்கு நாளில் அமெரிக்க முப்படைத் தலைமைத் தளபதி மைக் முல்லன், வெளியிட்டவர்களின் கையில் ஏற்கெனவே இரத்தம் படிந்திருக்கலாம் என்றார். ஆவணங்களை நன்றாகப் படித்துப் பார்ப்போம் என்று தாலிபானும் அறிவித்தது. அப்புறம் என்ன நடந்தது? சேதத்தை ஆராய அமெரிக்க இராணுவம் அமைத்த குழுவுக்குத் தலைமை வகித்தவர் பிரிகேடியர் ஜெனரல் ராபர்ட் கார். ஆவணங்களை விக்கிலீக்ஸுக்குக் கொடுத்த அமெரிக்கப் படைவீரர் செல்சி மேனிங்கின் இராணுவ நீதிமன்ற விசாரணையில், 2013-இல் கார் சாட்சி சொன்னார். கசிவால் கொல்லப்பட்டதாக அவரால் ஒருவரையும் காட்ட முடியவில்லை. ஒருவரைக் கொன்றதாகத் தாலிபான் பெருமையடித்தது உண்மை. ஆனால் அந்த மனிதரின் பெயர் கசிந்த ஆவணங்களில் இல்லை என்று காரே ஒப்புக்கொண்டார்.

சரி, அப்படியானால் ஆபத்து வெறும் பூச்சாண்டியா? நான் அப்படிச் சொல்ல மாட்டேன். போர் நடக்கும் மலைக் கிராமத்தில் ஒருவரை இரவில் இழுத்துக்கொண்டு போய்ச் சுட்டால், ஏன் சுட்டார்கள் என்று யாரும் எழுதிவைப்பதில்லை. பயந்து வீட்டை விட்டு ஓடியவர்கள் எந்தக் கணக்கிலும் வர மாட்டார்கள். மூன்று வருடம் கழித்தும் ஒரு மரணத்தைக்கூடக் காட்ட முடியவில்லை என்பது கனமான சான்று. முல்லன் சொன்ன அளவுக்கு இரத்தம் ஓடவில்லை என்று அதை வைத்துச் சொல்லலாம். ஒரு துளிகூடச் சிந்தவில்லை என்று சொல்ல அது போதாது.

கசிவு எந்த வழியில் போகிறது என்பதையும் பார்க்க வேண்டும். அமெரிக்க உளவு நிறுவனமான சிஐஏ-வில் இருந்துகொண்டே சோவியத்துக்கு வேலை செய்த ஆல்ட்ரிச் ஏம்ஸ், 1985-லிருந்து அமெரிக்காவுக்காக உளவு பார்த்த சோவியத்காரர்களின் பெயர்களைக் காசுக்கு விற்றார். குறைந்தது 10 பேர் கொல்லப்பட்டார்கள். அவர் பிடிபட்டது 1994-இல். இங்கே சந்தேகத்துக்கே இடமில்லை, அந்தப் பெயர்கள் உயிரைக் குடித்தன. விக்கிலீக்ஸ் ஆவணங்களிலும் பெயர்கள் இருந்தன, விளைவு ஏன் இவ்வளவு வேறு? ஒரு காரணம், பகிரங்கமாக வெளியானால் எதிரிக்குத் தெரிகிற அதே நாளில் நம் பக்கத்துக்கும் தெரிந்துவிடும். பெயர் உள்ளவரை எச்சரிக்கலாம், இடம் மாற்றலாம். எதிரி முந்துவானா நாம் முந்துவோமா என்ற ஓட்டப்பந்தயம் அங்கே தொடங்குகிறது. ஏம்ஸ் கொடுத்த பெயர்களுக்கு அப்படி ஒரு பந்தயமே இல்லை. தங்கள் பெயர் போய்விட்டது என்று தெரியாமலே அவர்கள் வேலைக்குப் போய்வந்துகொண்டிருந்தார்கள்.

இதனால்தான் பிரிட்டனின் இன்னொரு கசிவு என்னை அதிகம் உறுத்துகிறது. 2022 பிப்ரவரியில், பிரிட்டனில் குடியேற விண்ணப்பித்த கிட்டத்தட்ட 19,000 ஆப்கானியர்களின் விவரங்கள் ஒரு விரிதாளில் தவறுதலாக வெளியே போயின. அனுப்பியவர் அதில் கொஞ்சம் பேருடைய விவரம்தான் இருக்கிறது என்று நினைத்திருந்தார். 2023 ஆகஸ்டில் அதன் ஒரு பகுதி ஃபேஸ்புக்கில் தலைகாட்டியபோதுதான் அரசுக்கே விஷயம் தெரிந்தது. அடுத்த மாதம் நீதிமன்றத் தடை வந்தது. கசிவைப் பற்றி மட்டுமல்ல, அப்படி ஒரு தடை இருப்பதைப் பற்றியும் யாரும் பேசக் கூடாது. 2025 ஜூலையில்தான் அது நீங்கியது. இடையில் ஆயிரக்கணக்கானவர்களை அரசு சத்தமில்லாமல் வெளியே கொண்டுவந்தது உண்மை. தாலிபான் காதுக்கு எட்டக் கூடாது என்ற நியாயமும் புரிகிறது. ஆனால் பட்டியலில் பெயர் இருந்தும் வெளியே கொண்டுவரப்படாதவர், தாம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்பதையே அறியாமல் இருந்தார். பட்டியலில் பெயர் இருப்பது மட்டுமே ஒருவரைத் தாலிபான் குறிவைக்கக் காரணமாக இருக்காது, முந்தைய அரசின் பதிவேடுகள் ஏற்கெனவே அவர்களிடம் இருக்கின்றன என்று அரசு நியமித்த மறுஆய்வு கடைசியில் சொன்னது.

பெயரே இல்லாத ரகசியத்துக்கும் சேதம் உண்டு. 1927-இல் பிரிட்டிஷ் பிரதமர் பால்ட்வின், சோவியத்தின் சதியை நிரூபிக்க அவர்களுடைய தந்திகளை நாடாளுமன்றத்திலேயே வாசித்துக் காட்டினார். சங்கேத மொழி உடைபட்டது என்று மாஸ்கோவுக்கு அதற்கு மேல் யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. உடைக்கவே முடியாத, ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் சங்கேதத் தாள்களுக்கு அவர்கள் மாறிவிட்டார்கள். பிரிட்டனுக்குக் காது போனது. அதே சமயம், வெளியே வந்த எல்லாமே எதிரி காதுக்கு எட்டிவிடுவதும் இல்லை. 1942-இல் மிட்வே கடற்போர் முடிந்த கையோடு, ஜப்பானின் திட்டம் அமெரிக்கக் கடற்படைக்கு முன்பே தெரியும் என்று சிகாகோ ட்ரிப்யூன் முதல் பக்கத்தில் எழுதியது. ஜப்பான் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை.

ஆப்கன் குறிப்புகளுக்கு மூன்று மாதம் கழித்து ஈராக் போர்க் குறிப்புகள் வெளியாயின, 3,91,832 அறிக்கைகள். கையால் பெயர்களை அடிக்கிற காரியமா அது? ஒரு கணினி நிரலை எழுதினார்கள். ஆங்கில அகராதியில் இல்லாத சொல் எதுவாக இருந்தாலும் அது நீக்கிவிடும். ஈராக்கியர்களின் பெயர்கள் அகராதியில் இல்லை, அதனால் அவை உதிர்ந்துவிட்டன. மிஞ்சிய தாள்களில் தேதிகளும் இறந்தவர்களின் எண்ணிக்கையும் இருந்தன. போரில் இறந்த பொதுமக்களைக் கணக்கெடுத்துவந்த ஈராக் பாடி கவுண்ட் அமைப்பு அவற்றை ஆராய்ந்து, அதுவரை எந்தக் கணக்கிலும் வராத சுமார் 15,000 பேரின் மரணம் அவற்றில் இருப்பதாக மதிப்பிட்டது.