புரோஃக்: கல்லடுக்கு அரண்

ஸ்காட்லாந்தின் வடக்கு, மேற்குக் கரைகளிலும் தீவுகளிலும் சுற்றுபவர் வரைபடத்தில் அடிக்கடி பார்க்கும் சொல் புரோஃக். இரும்புக் காலத்தில், 2,000 ஆண்டுகளுக்கும் முன்பு, சுண்ணாம்புக் காரை இல்லாமல் கல்மேல் கல் அடுக்கி எழுப்பிய வட்டக் கட்டடம் அது. தமிழ்ப் பயணக் குறிப்புகளில் இதையும் ‘கோட்டை’ என்றே எழுதிவிடுகிறார்கள். எடின்பரோவிலும் ஸ்டர்லிங்கிலும் நிற்பவை கோட்டைகள். இது வேறு வகை.

ஸ்காண்டிநேவியர் பேசிய பழைய நார்ஸ் மொழியில் ‘போர்க்’ என்றால் அரண். அது ஸ்காட்ஸ் மொழிக்கு வந்து புரோஃக் ஆனது. நார்ஸ் மக்கள் இங்கே குடியேறியது 8, 9ஆம் நூற்றாண்டுகளில். அதற்குள் இவை பழங்கட்டடங்களாகிவிட்டன. கட்டியவர்கள் வைத்த பெயர் எங்கும் பதிவாகவில்லை. கடைசி எழுத்தை அழுத்தி ‘க்’ என்று சொல்லக் கூடாது. ‘அஃது’ என்பதில் ஆய்தம் ஒலிப்பதுபோல் தொண்டையில் உரசி வர வேண்டும். ஆகவே ‘புரோக்’ என்பதைவிட ‘புரோஃக்’ சரி.

வடக்கே ஷெட்லாந்துத் தீவுக்கூட்டத்தின் மூசா தீவில் இருப்பதுதான் இன்று மிக முழுமையாக நிற்பது. உயரம் சுமார் 13 மீட்டர். அடியில் வெளிவிட்டம் 15 மீட்டர் அளவு, ஆனால் உள்முற்றம் 6 மீட்டர்தான், மிச்சமெல்லாம் சுவர். அடிப்பகுதி கெட்டியான கட்டு, இடையிடையே சிற்றறைகள். அதற்கு மேலே சுவர் இரண்டாகப் பிரிகிறது. இரண்டையும் குறுக்குப் பலகைக்கற்கள் பிணைக்கின்றன. ஒரே கல் கீழ் நடைவழிக்குக் கூரை, மேல் நடைவழிக்குத் தளம். அந்த இடைவெளியிலேயே படிக்கட்டு சுற்றி ஏறுகிறது. சுவர் உள்ளீடாக இருப்பதால் எடை குறைகிறது, காரை இல்லாமலே உயரம் தாங்குகிறது. வாசலின் மேற்கல் முழுப் பாரமும் ஏறினால் விரிசல் விடும். அதனால் அதற்கு மேலே சன்னல்போல் வெற்றிடங்களை ஒன்றன்மேல் ஒன்றாக விட்டிருப்பார்கள்.

தமிழில் என்ன சொல்வது? ‘கோட்டை’ என்றால் மதில் சூழ்ந்த பெரும் வளாகம் நினைவுக்கு வரும். ‘கொத்தளம்’ கோட்டையின் ஓர் உறுப்பு மட்டுமே. ‘கோபுரம்’ கோயிலுக்கு இழுத்துவிடும். இது போருக்கான காப்பிடமா, செல்வாக்குள்ள குடும்பத்தின் வீடா என்று தொல்லியலாளர் இன்னும் வாதிடுகிறார்கள். ஆகவே ‘அரண்’ பொருந்தும். குறளில் நீரும் மலையும் காடும்கூட அரண்தானே. கட்டிய முறையையும் சேர்த்துக் ‘கல்லடுக்கு அரண்’ என்பதே எங்கள் தேர்வு. தனிப் பெயர் வரும்போது ‘மூசா புரோஃக்’ என்றே விடலாம்.

பெயரை மட்டும் நம்பித் தேடினால் ஏமாற்றம் வரும். கேலிக் மொழியில் ‘டூன்’ எந்த அரணுக்கும் பொதுப்பெயர். லூயிஸ் தீவின் டூன் கார்லவே, மேற்குக் கரையில் கிளெனெல்க் ஊரருகே உள்ள டூன் டெல்வ், டூன் டிராடன் மூன்றும் புரோஃக்குகளே. மாறாக, ஃபிரேசர்பரோ ஊரை உள்ளூரார் ‘தி புரோஃக்’ என்பார்கள். அங்கே அது நகரத்தைக் குறிக்கும் சொல். அரணைத் தேடக் கூடாது. வரைபடத்தில் புரோஃக் என்று குறித்த பல இடங்களில் இன்று புல் மூடிய மேடுதான் மிச்சம்.

அமைப்பைப் புரிந்துகொள்ள முதலில் டூன் டெல்வ் போகலாம். ஒரு பக்கம் சரிந்துவிட்டதால் இரட்டைச் சுவர், குறுக்குக் கற்கள், மரத்தளத்தையோ கூரையையோ தாங்கிய உள்விளிம்பு எல்லாம் வெட்டிக் காட்டியதுபோல் தெரியும். அங்கே போவது ஷீல் பிரிட்ஜ் ஊரிலிருந்து மலை ஏறி இறங்கும் ஒற்றைத்தடச் சாலை. எதிர்வண்டிக்கு வழிவிடும் ஒதுங்குமிடங்களில் வண்டியை நிறுத்திவைக்கக் கூடாது. மூசாவுக்கு சாண்ட்விக்கிலிருந்து படகு, கோடைப் பருவத்தில் மட்டும். காற்று வலுத்தால் படகு ரத்து, மாற்று நாள் ஒன்றைக் கையில் வைத்திருங்கள். படிக்கட்டு இருட்டாகவும் குறுகலாகவும் இருக்கும், டார்ச் வேண்டும். சுவர் இடுக்குகளில் புயற்பறவைகள் கூடு கட்டுகின்றன, உள்ளே கையை நுழைக்காதீர்கள். இடிந்த சுவர்களின் மேல் ஏறவும் வேண்டாம்: பிடிக்கக் காரை இல்லாததால் ஒரு கல் நழுவினாலே அதன்மேல் உள்ள அடுக்கும் தளரும்.