பாரடைம்: நம்மிடம் இருக்கும் சொல் வாய்பாடு

புதிய கைபேசியோ புதிய பாடத்திட்டமோ எது வந்தாலும் ‘பாரடைம் ஷிப்ட்’ (அடிப்படைப் பார்வையே மாறுவது) என்கிறார்கள். அறிவியல் மெய்யியலில் இச்சொல்லுக்கு இருந்த கூர்மை இப்படி மழுங்கிப்போவது எனக்கு வருத்தம்தான்.

மூலச்சொல் கிரேக்கம்: பாராடெய்க்மா. ‘பாரா’ என்றால் பக்கத்தில். பின்பாதி ‘காட்டு’ என்னும் வினையிலிருந்து வந்தது. பக்கத்தில் வைத்துக் காட்டுவது, அதாவது எடுத்துக்காட்டு. லத்தீன் இலக்கணம் கற்பிப்பவர்கள் இதை நெடுங்காலம் கையாண்டார்கள். ‘அமோ, அமாஸ், அமாத்’ (நேசிக்கிறேன், நேசிக்கிறாய், நேசிக்கிறான்) என ஒரு வினையை மனப்பாடம் செய்தால், அதே வகை வினைகளையெல்லாம் அதைப் பார்த்தே திரிக்கலாம்.

இயற்பியல் படித்துவிட்டு அறிவியல் வரலாற்றுக்கு வந்த அமெரிக்கர் தாமஸ் கூன் 1962இல் ‘அறிவியல் புரட்சிகளின் கட்டமைப்பு’ என்ற நூலை வெளியிட்டபோது, இந்த லத்தீன் உதாரணத்தையே எடுத்துக் காட்டினார். விதிகளை மட்டும் ஒப்பித்து யாரும் விஞ்ஞானி ஆவதில்லை. சாய்தளம், ஊசல், கோள்களின் பாதை என்று ஏற்கெனவே தீர்த்த கணக்குகளைப் போட்டுப் போட்டுத்தான் புதிய கணக்கை ‘இதுவும் அதைப் போன்றது’ என்று அடையாளம் காணப் பழகுகிறார்கள் என்பது அவர் கருத்து.

லெவெரியே என்ற பிரெஞ்சு வானியலாளரைப் பாருங்கள். யுரேனஸ் கணித்த பாதையில் போகவில்லை. கண்ணுக்குப் படாத வேறொரு கோள் அதை இழுக்கிறது என்று கொண்டு, அது இருக்கும் இடத்தைக் கணக்கிட்டார். 1846 செப்டம்பரில் பெர்லின் வானாய்வகத்தில் அந்த இடத்துக்கு ஒரு பாகை தூரத்துக்குள்ளேயே நெப்டியூன் அகப்பட்டது. பிறகு புதனின் பாதையிலும் கணக்கு இடித்தது. 1859இல் அவர் அதே வழியில் போனார்: சூரியனுக்கு அருகில் இன்னொரு கோள் இருக்க வேண்டும். வல்கன் என்று பெயர்கூட வைத்துத் தேடினார்கள். அப்படி ஒரு கோளே இல்லை. நூற்றாண்டுக்கு 43 விகலை (ஒரு பாகைக்கு 3600 விகலை) என்ற அந்தச் சிறு பிசகுக்கு 1915இல் ஐன்ஸ்டைனின் பொதுச் சார்பியல்தான் விடை சொன்னது. அதற்கு ஈர்ப்பு என்றால் என்ன என்பதையே வேறாக நினைக்க வேண்டியிருந்தது. பாரடைம் மாறுவது என்றால் இதுதான்.

கூன் இச்சொல்லை 21 பொருளில் ஆண்டிருக்கிறார் என்று பிரிட்டிஷ் மெய்யியலாளர் மார்கரெட் மாஸ்டர்மன் எண்ணிக் காட்டினார். கூனும் 1969இல் எழுதிய பின்னுரையில் இரண்டாகப் பிரித்துக்கொண்டார்: ஒரு துறையினர் பொதுவாக ஏற்றிருக்கும் மொத்தச் சட்டகம் ஒன்று, தீர்த்துக்காட்டிய மாதிரிக் கணக்கு மற்றொன்று. அவருக்கு ஆழமானது இரண்டாவதே.

தமிழில் கட்டளைப்படிமம், கருத்துச்சட்டகம் என்றெல்லாம் எழுதுகிறோம். முதல் பொருளுக்குச் சட்டகம் போதும். இரண்டாவதற்கு நம் இலக்கணத்திலேயே சொல் இருக்கிறது: வாய்பாடு. செய்யுளின் ஒரு சீரில் நேரசை இரண்டு வந்தால் அதன் வாய்பாடு தேமா. ‘வந்து’, ‘ஓடி’, ‘போய்’ மூன்றும் ‘செய்து’ என்னும் வாய்பாட்டு வினையெச்சங்கள். ‘ஓடி’யும் ‘போய்’யும் ஓசையில் ‘செய்து’ போல இல்லை. ஆனாலும் இலக்கணம் படித்தவருக்கு அவை ஒன்றாகவே படும். கூன் சொன்ன பழக்கமும் இத்தகையதே.

வாய்பாடு என்றதும் பலருக்குப் பெருக்கல் வாய்பாடுதான் நினைவுக்கு வரும் என்பது உண்மை. அதனால் கட்டுரைகளில் ‘முன்மாதிரி வாய்பாடு’ என்று அடை சேர்த்து எழுதுகிறேன். பாரடைம் ஷிப்ட்டுக்குச் ‘சட்டக மாற்றம்’.